கல்குருவி ஓடிய காணி

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒன்பது பேருக்கும்,

எந்தப் பறவை எந்த மாதத்தில் எந்தக் கடனீரேரியில் வந்து இறங்கும் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அது உங்கள் தொலைபேசியில் இருக்கிறது. என்னைவிட நன்றாகவே அது சொல்லும். தொலைநோக்கியைக் காற்றில் ஆடாமல் நிறுத்துவதும், வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஆட்களை நிறுத்துவதும் இரண்டு வாரத்தில் பழகிவிடும். பழக நாளெடுப்பது வேறொன்று. ஐந்தாறு பேர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க, யோசிக்க நேரமில்லாத ஒரு கணத்தில், என்ன சொல்வது, எந்தக் குரலில் சொல்வது என்று முடிவெடுப்பது. பதினான்கு வருடம் இந்தக் குடாநாட்டில் ஆட்களுக்குப் பறவை காட்டிய காலத்தில் நான் அதை இரண்டு தரம் கற்றேன். முதல் தரம் பிழையாகக் கற்றேன். இரண்டாம் தரம் சரியாகக் கற்பதற்குள் ஒரு மனிதரின் உயிர் போகப் பார்த்தது.

நான் மானிப்பாயில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். போர் முடிந்து வெளிநாட்டவர்கள் வடக்குக்கு வரத் தொடங்கிய காலத்தில், பறவை பார்க்க வந்த ஒரு குழுவுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். சின்ன வயதிலிருந்தே எனக்குக் குருவி பார்க்கிற பைத்தியம். மூன்றாம் நாள் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு நானே காட்டத் தொடங்கிவிட்டேன். அடுத்த வருடம் பள்ளிக்கூட வேலையையும் விட்டேன். வீட்டில் இரண்டு மாதம் ஒருவரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்த முதல் வருடத்தில், மண்டைதீவுக்குப் போகிற வழியில், சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கூட்டத்தைக் காட்டி, கருவால் மூக்கன் என்று அடித்துச் சொன்னேன். விருந்தினர்களில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், பட்டைவால் மூக்கனாகத்தான் தனக்குத் தெரிகிறது என்று மெதுவாகச் சொன்னார். நான் விடவில்லை. ஆசிரியை அல்லவா? வகுப்பில் நிற்பது போல நின்று வாதாடினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பருந்து தாழப் பறக்க, கூட்டம் முழுவதும் எழும்பியது. ஒவ்வொரு வாலிலும் பட்டை பட்டையாகக் கோடு. அந்த மனிதர் குனிந்து தன் கொப்பியில் எழுதினார். மிச்ச நாட்கள் முழுவதும் நான் ஒரு பறவையின் பெயரைச் சொன்னால், மற்றவர்கள் திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் கொப்பியில் எழுதினார்கள்.

என்னைவிடத் தெரிந்தவர் முன்னால் வாயை அடக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பறவையின் பெயர் விஷயத்தில் அது நல்ல முடிவுதான். நான் அதை எல்லாவற்றுக்கும் பொருத்திக்கொண்டேன். அதுதான் பிழை.

தாபோ வந்தது பல வருடங்களுக்குப் பிறகு. பொட்ஸ்வானாக்காரர். யானையும் சிங்கமும் திரிகிற சதுப்பு நிலங்களில் முப்பது வருடம் ஆட்களைக் கூட்டிப்போய்ப் பறவை காட்டியவர். தன்னுடைய வாடிக்கையாளர்கள் நான்கு பேரை இலங்கைக்கு அழைத்துவந்திருந்தார். வடக்கில் நான்கு நாள் என் பொறுப்பு. பெரிய உடம்பு, மெல்லிய குரல். காற்றில் வருகிற அரைக் கூவலைக் கேட்டு, இன்ன குடும்பத்துப் பறவை என்று சொல்லிவிடுவார், அதைத் தன் வாழ்நாளில் முதல் முறை கேட்டாலும்கூட. அவருக்கு முன்னால் நான் மாணவியாகிவிட்டேன்.

முதல் நாள் பூநாரைகளைக் காட்டினேன். மரியாதைக்குப் பார்த்தார்கள். அவர்கள் ஊர் உப்புப் படுகைகளில் பூநாரை இறங்கினால் அக்கரை தெரியாதாம். இரண்டாம் நாள், தென்னிலங்கையில் எளிதில் பார்க்க முடியாத எங்கள் கரிச்சானைப் பண்டத்தரிப்பில் ஒரு தோட்ட வேலியில் காட்டினேன். அதன் அண்ணன் தன் வீட்டு வேலியில் இருக்கிறான் என்றார் தாபோ. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் கலக்கம். ஆபிரிக்காவையே பார்த்தவர்களுக்கு நான் எதைக் காட்டுவது?

அன்று மதியச் சாப்பாட்டில்தான் அவர் கல்குருவியைப் பற்றிக் கேட்டார். கல்குருவியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நீண்ட வெள்ளைக் கால், செம்பழுப்பு நெஞ்சு, கண்ணை ஒட்டிப் பிடரிவரை ஒரு கறுப்புக் கோடு, அதற்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு. வெட்டை வெளியில் பத்தடி ஓடும், சட்டென்று நிற்கும், திரும்ப ஓடும். நின்றுவிட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும். ஆபிரிக்காவில் அதன் சொந்தக்காரர்கள் பலர் உண்டு. அவர்கள் எல்லோரையும் தாபோ பார்த்து முடித்துவிட்டார். உலகத்திலேயே அவர் பார்க்காத ஒரே கல்குருவி நம்முடையதுதான். இதைச் சொல்லும்போது அந்தப் பெரிய மனிதர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை ஒன்று தன் ஆசையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்கு ஓர் இடம் தெரியும் என்றேன்.

இடத்தை எனக்குச் சொன்னவள் தவமலர். சாவகச்சேரிப் பெண். மிதிவெடி அகற்றும் அணி ஒன்றின் தலைவி. கணவனைப் போரில் இழந்தபின், அந்த வேலையில்தான் இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்தாள். ஒரு மாதத்துக்கு முன் சாவகச்சேரிச் சந்தையில் கண்டபோது, “அக்கா, எங்கடை காணியிலை ஒரு சோடிக் குருவி ஓடித் திரியுது. ஓடும், நிக்கும், நிலத்தைப் பார்க்கும். எங்களைப் போலத்தான்” என்றாள். நான் போய்ப் பார்த்தேன். கல்குருவிதான்.

அந்த இடத்தின் அமைப்பைச் சொல்ல வேண்டும். சாவகச்சேரியைத் தாண்டிக் கிழக்கே போய், ஏ-ஒன்பது வீதியிலிருந்து இறங்கினால் சரளைக்கல் கொட்டிய ஒரு கிரவல் பாதை. பாதைக்கு வலது பக்கக் காணிகள் வெடி அகற்றி உரியவர்களிடம் கொடுக்கப்பட்டுவிட்டன. தவமலரின் அணிக்கு அடுத்ததாகக் குறித்திருந்த இடது பக்கம் இன்னும் தொடங்கவில்லை. எல்லையில் தலைக்குச் சிவப்பு பூசிய சின்னத் தடிகள். சில இடங்களில் மாடு உரசித் தடி சாய்ந்து புல்லுக்குள் கிடக்கும். இப்படியான இடத்துக்கு எந்தக் குழுவைக் கூட்டிப்போனாலும் வான் வண்டியிலிருந்து இறங்கியவுடன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, தடிக்கு அப்பால் ஓர் அடிகூட வைக்கக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, நான் நில் என்றால் நிற்க வேண்டும் என்று சொல்லி, ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைப்பேன்.

தாபோவைக் கூட்டிப்போன மூன்றாம் நாள் காலை அதை நான் செய்யவில்லை. முப்பது வருடம் சிங்கங்களுக்கு நடுவே ஆட்களைப் பத்திரமாகக் கூட்டித் திரிந்த ஒருவரை வரிசையில் நிறுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல ஒப்புவிக்கச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இறங்கும்போதே இடது பக்கம் போக வேண்டாம் என்று ஒரு வசனம் சொன்னேன். நான்கு பேர் தலையாட்டினார்கள். தாபோ அந்த நேரம் வானின் பின்பக்கம் தொலைநோக்கியை இறக்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டதா என்று நான் பார்க்கவில்லை.

வெயில் ஏறாத நேரம். வலது பக்கக் காணியில் நான்கு பேருக்கும் ஒரு கவுதாரியைக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் சாரதி கந்தையா அண்ணை என் பக்கத்தில் வந்து, சத்தம் போடாமல் சொன்னார்.

“பிள்ளை, உந்த மனிசன் எங்கை போறார்?”

திரும்பினேன். சிவப்புத் தடிகளுக்கு அப்பால், பதினொரு காலெட்டுத் தூரத்தில் தாபோவின் முதுகு. கல்குருவியைக் கண்டுவிட்டார். கமராவைக் கண்ணில் வைத்தபடி, ஒவ்வோர் அடியாக அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

பிள்ளைகளே, அந்தக் கணத்தில் என் உடம்பு செய்யச் சொன்னதெல்லாம் பிழையானவை. ஐயோ என்று கத்தச் சொன்னது. கத்தியிருந்தால் திடுக்கிட்டுத் துள்ளியிருப்பார், அல்லது என்னை நோக்கி ஓடிவந்திருப்பார். அவரிடம் ஓடச் சொன்னது. ஓடியிருந்தால் இரண்டு பேர் உள்ளே நின்றிருப்போம். வெடி, கவனம் என்று ஆங்கிலத்தில் நீளமாக விளக்கச் சொன்னது. நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் இன்னும் மூன்று எட்டு வைத்திருப்பார்.

முதல் நாள் கதையோடு கதையாக அவர் சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. நடைப்பயணத்தில் திடீரென்று சிங்கம் எதிர்ப்பட்டால் தன் ஆட்களுக்கு அவர் சொல்வது ஒரே ஒரு சொல்: “எமா.” அவர்கள் மொழியில், அப்படியே நில் என்று அர்த்தம். எமனைக் கூப்பிடுகிற மாதிரியல்லவா கிடக்கு என்று கந்தையா அண்ணை அப்போது பகிடி விட்டிருந்தார்.

“தாபோ, எமா” என்றேன். பக்கத்தில் இருப்பவரிடம் உப்பை எடுத்துத் தரச் சொல்லும் குரலில் சொன்னேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது.

அவர் நின்றார். தலைகூடத் திரும்பவில்லை. முப்பது வருடப் பழக்கம். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். யானையோ பாம்போ என்று நினைத்திருக்கிறார். மிருகம் இல்லை, நீங்கள் மிதிவெடி நிலத்துக்குள் நிற்கிறீர்கள், காலை எடுக்க வேண்டாம் என்றேன். கழுத்தின் பின்புறம் வியர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது.

பிறகு காலை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பிப் பின்னால் பார்த்து, தன் காலடிகள் தனக்குத் தெரிகின்றன என்றார். சின்ன வயதிலிருந்து மிருகங்களின் அடி பார்த்து வளர்ந்தவன் நான், என் சொந்த அடியில் திரும்பி வருவது எனக்குப் பெரிய காரியமில்லை என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் ஏழு பேரில் மண்ணை அவரைப்போல வாசிக்கத் தெரிந்தவர் எவருமில்லை. மூக்கன் விஷயத்தில் கற்ற பாடம் எனக்குள் எழும்பி, அவருக்குத் தெரியும், நீ வாயை மூடு என்றது.

நான் நிலத்தைப் பார்த்தேன். பாதையோரம் மணல். அதில் அவருடைய சப்பாத்து அடையாளம் தெளிவாக இருந்தது. நடுவில் ஒரு துண்டு புல். அதில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாமலும் இருந்திருக்கலாம்.

“இல்லை” என்றேன். “உங்கள் ஊரில் நீங்கள் சொல்வதை நான் கேட்பேன். இன்றைக்கு இங்கே வழிகாட்டி நான். நிற்க வேண்டும்.”

அந்த வசனத்தைச் சொன்னபோது எனக்கு வயது ஐம்பத்தொன்பது. அதற்கு முன் யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை. அவர் பெருமூச்சு விட்டு, நீங்கள்தான் வழிகாட்டி, நிற்கிறேன் என்றார்.

தவமலருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவளுடைய அணி ஒன்றரை மைல் தள்ளி வேறொரு காணியில் வேலை செய்துகொண்டிருந்தது. என்ன, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. “எத்தினை எட்டு உள்ளுக்கை அக்கா?” என்று மட்டும் கேட்டாள். பதினொன்று என்றேன். “அப்பிடியே நிக்கட்டும். குந்தவும் வேண்டாம். நீங்கள் ஒண்டையும் எறியவும் வேண்டாம், தண்ணிப் போத்திலும் வேண்டாம். நான் வாறன்.”

விருந்தினர்களில் உயரமான ஒருவர், தான் அந்த அடிகளிலேயே போய்த் தாபோவைக் கூட்டிவருவதாகச் சொல்லிக் கிளம்பினார். நல்ல மனம்தான். இப்படியான நேரத்தில் நல்ல மனம் உள்ளவர்களைத்தான் முதலில் தடுக்க வேண்டியிருக்கும். கந்தையா அண்ணைக்கு ஆங்கிலம் வராது. அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அந்த மனிதரின் நெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார். “நோ” என்றார். மறுபடியும் “நோ.” அறுபத்தாறு வயது, ஒல்லி உடம்பு. அந்த உயரமான மனிதர் அவரைத் தாண்டவில்லை.

இனி நிற்பதுதான் வேலை. கேட்கச் சுலபமாக இருக்கும். நீங்கள் வீட்டில் அரை மணி நேரம் காலை மாற்றாமல் நின்று பாருங்கள். இருபது நிமிடத்தில் தாபோவின் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. மயங்கி விழுந்தால் எல்லாம் முடிந்துவிடும். காதில் விழும் பறவைகளை ஒவ்வொன்றாகச் சொல்லும்படி கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழ்ப் பெயரைச் சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். வானம்பாடி. ஆள்காட்டி. செம்போத்து. செம்போத்தில் நாக்குப் புரளாமல் மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். அவருடைய மனம் காலை விட்டுக் காதுக்குப் போய்விட்டது. நடுக்கம் குறைந்தது.

அப்போதுதான் அவர் குரல் அடங்கியது.

அவர் துரத்திக்கொண்டு போன கல்குருவி திரும்பி வந்தது. தனியாக அல்ல, சோடியாக. இரண்டும் பத்தடி ஓடின, நின்றன, குனிந்து எதையோ கொத்தின, திரும்ப ஓடின. அசையாமல் நிற்கும் அந்த உருவத்தை மரம் என்று நினைத்துவிட்டன போலும். அவருடைய சப்பாத்திலிருந்து நான்கு முழத் தூரத்தில் வந்து ஒன்று நின்று, தலையைச் சரித்து அவரைப் பார்த்தது. கமரா அவர் கழுத்தில் தொங்கியது. கையைத் தூக்கவில்லை. மெல்லிய குரலில், எங்களுக்கு மட்டும் கேட்கும்படி, கண்ணைச் சுற்றிய கோட்டையும் நெஞ்சின் நிறத்தையும் வயிற்றில் இருந்த கறுப்புத் திட்டையும் ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். அவருடைய தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு விருந்தினர்களில் என் பக்கத்தில் நின்ற பெண்மணியும் அழத் தொடங்கினார்.

தவமலர் இரண்டு பெண்களோடும் அம்புலன்ஸோடும் வந்து சேர்ந்தாள். வேலைக் கவசத்தை மாட்டிக்கொண்டு, தாபோவைப் பார்த்துக் கையை ஒரு தரம் உயர்த்தினாள். அவ்வளவுதான். முழங்காலில் இருந்துகொண்டு, கருவியை நிலத்துக்கு மேலே அசைத்து, ஒரு சாண் ஒரு சாணாக உள்ளே போனாள். சுத்தமான இடத்துக்கு இரண்டு பக்கமும் அடையாளம் வைத்தாள்.

அந்தப் புல்லுத் துண்டில் கருவி சத்தமிட்டது. அவள் குப்புறப் படுத்து, நீளமாக ஒரு கம்பியால் சரிவாக மண்ணைத் துளாவினாள். பிறகு கையால் மண்ணை ஒதுக்கினாள். பச்சை நிறத்தில், சின்னத் தகரப் பேணி மூடி அளவில் ஒன்று தெரிந்தது. அவள் எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“இதிலை அடி ஒண்டும் தெரியேல்லை அக்கா. நல்ல காலம், நீங்கள் திரும்ப விடேல்லை.”

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. தாபோவுக்கு மொழிபெயர்க்கத் தேவையும் இருக்கவில்லை. அவர் கழுத்தைத் திருப்பி அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

தவமலர் அதற்கு அடையாளம் வைத்துவிட்டு, பாதையை வளைத்து, சுற்றிப் போனாள். அவருடைய காலடிக்கு வந்தபோது எழும்பி நின்று, தன் பின்னால் வரும்படி கை காட்டினாள். அவர் அவளுடைய அடி மேல் அடி வைத்து வந்தார். கிரவல் பாதையில் கால் பட்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். கந்தையா அண்ணை ஓடிப்போய் இளநீரைச் சீவிக் கையில் கொடுத்தார்.

குடித்து முடித்து எழும்பியவர் முதலில் தன் ஆட்களிடம் போனார். ஒரு வழிகாட்டி செய்யக் கூடாததைத் தான் செய்துவிட்டதாகவும், தெரியாத நிலத்தில் கேட்காமல் கால் வைத்ததாகவும், தன்னிடம் வேலை செய்யும் ஒருவர் இப்படிச் செய்திருந்தால் அன்றே வேலையிலிருந்து நிறுத்தியிருப்பதாகவும் சொன்னார். பழியை அவர் முழுக்கச் சுமந்துகொள்ள, நான் பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. சொல்ல வேண்டியதை இவருக்கு நான் சொல்லவில்லை, இவர் பெரிய ஆள் என்று கூச்சப்பட்டேன், பிழை என்னுடையது என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. தாபோ, அப்படியானால் இப்போது சொல்லுங்கள் என்றார். வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றார். நான் முழுவதையும் சொன்னேன். ஐந்து பேரும் திருப்பிச் சொன்னார்கள். அதன் பிறகு, யார் வந்தாலும் ஒரு சொல் குறைத்ததில்லை. உங்களிடம் வருபவர் உலகத்திலேயே பெரிய நிபுணராக இருக்கலாம். நிலத்துக்கு அது தெரியாது.

புறப்படும்போது தாபோ தன் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றித் தவமலரின் கழுத்தில் போட்டார். அவள் வேண்டாம் என்று என்னைப் பார்த்தாள். வாங்கு என்று தலையாட்டினேன். மாதக் கணக்காக வெறுங்கண்ணால் பார்த்த அந்தச் சோடியை அவள் அதற்குள்ளால் பார்த்தாள். நெடுநேரம் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

“கண்ணுக்கு மை பூசியிருக்கு அக்கா” என்றாள்.

அடுத்த வருடமும் தாபோ ஆட்களை அனுப்பினார். அதற்கடுத்த வருடமும். கல்குருவி பார்க்க என்றே இப்போது ஆபிரிக்காவிலிருந்து குடாநாட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். பூநாரைக்குத் தலையாட்டியவர்கள் நம் வெட்டை வெளியில் வாயடைத்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற சந்தோசத்தை நான் மறைப்பதில்லை.

அந்த இடது பக்கக் காணியும் பிறகு சுத்தமாகிவிட்டது. தவமலரின் அணி எட்டு மாதம் அதில் முழங்காலில் நகர்ந்தது. கடைசித் தடியைப் பிடுங்கிய வாரம் அவளுக்கு வேலை முடிந்தது. அடுத்த திங்கட்கிழமை அவள் என்னிடம் வந்து, பறவைப் பெயர்களைப் படிப்பியுங்கோ என்றாள். நாளைக் காலை ஐந்தரைக்கு உங்கள் ஒன்பது பேரையும் வானில் ஏற்றப் போகிறவள் அவள்தான்.

அவள் முதன்முதலாகத் தனியே கூட்டிப்போன குழுவோடு நானும் போயிருந்தேன். என் முழங்கால் இடம் கொடுக்காததால் வானுக்குள்ளேயே இருந்துகொண்டேன். அதே கிரவல் பாதை. ஆட்களை வரிசையில் நிறுத்திச் சொல்ல வேண்டியதைச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தாள். பிறகு இடது பக்கம் இறங்கினாள். காணிச் சொந்தக்காரர் அதில் கச்சான் கடலை போட்டிருந்தார். வரம்பில் அவள் முன்னே போக, ஆறு பேர் பின்னே போனார்கள். தூரத்தில் ஏதோ பறந்தது. அவள் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நடந்தாள். தலை நிமிர்ந்து, வானத்தைப் பார்த்தபடி, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு தரமும் குனியாமல்.